அம்மா பெட்டி மூடியில் ஒட்டிய தாள்

நவம்பர் பிறந்துவிட்டால் உசிலம்பட்டியில் என் இ-சேவைக் கடை வாசலில் காலை எட்டு மணிக்கே ஆள் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் வயதான அம்மாக்கள். மஞ்சள் பை, அதற்குள் ஒரு பாலிதீன் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் ஆதார் அட்டையும் பேங்க் புத்தகமும். பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வந்தவர்கள். "உசுரோட இருக்கேன்னு பதியணும்த்தா" என்று சொல்லிக்கொண்டே பையைப் பிரிப்பார்கள்.

போன வருடம் வந்த ஓர் அம்மா அடிக்கடி நினைவுக்கு வருகிறார். எழுபது தாண்டியவர். கணவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து பல வருடம் ஆகிறது. ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தார், பதியவில்லை. ஈரத்துணியால் துடைத்து வைத்தோம், பதியவில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன். நாற்பது வருடமாகப் பூக்கட்டிய கை. நார் ஓடி ஓடி ரேகையெல்லாம் வழவழவென்று தேய்ந்து, ஆள்காட்டி விரல் ஓரத்தில் மட்டும் கோடு கோடாகக் காய்த்துப்போயிருந்தது. வீட்டுக்காரர் எல்லையில் நின்ற வருடங்களில் இரண்டு பெண் பிள்ளைகளை அந்தக் கைதான் வளர்த்திருக்கிறது.

விரல் பதியாவிட்டால் யாரும் பயந்துபோக வேண்டாம். 2021 நவம்பரிலிருந்து செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் கொடுத்துவிடலாம். ஜீவன் பிரமாண் ஆப், ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப் இரண்டையும் போனில் ஏற்றிக்கொண்டால் வீட்டுத் திண்ணையிலேயே பேரப்பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், சொல்லும்போது கண்ணை மூடித் திறக்க வேண்டும், அவ்வளவுதான். ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பென்ஷன் கொடுப்பது யார் என்று கேட்கும் கட்டத்தில் நிறையப் பேர் பணம் வந்து விழும் பேங்க் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை பென்ஷன் இணையதளத்துக்கு மாறியவர்கள் அங்கே ஸ்பர்ஷைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சான்று போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பணம் நின்ற பிறகுதான் விஷயமே தெரியவரும்.

அந்த அம்மாவிடம் நான் காசு வாங்கவில்லை. மிலிட்டரிக்காரர் வீட்டு ஆட்கள் யாரிடமும் வாங்குவதில்லை. நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான்.

அப்பா 1983-இல் மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். 1758-இல் தொடங்கிய படைப்பிரிவு அது. நீலகிரியில் வெலிங்டனில்தான் அதன் பயிற்சி மையமும், வீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸும் இருக்கின்றன. 24 வருடம் இருந்துவிட்டு 2007-இல் ஹவில்தாராக ஊர் திரும்பினார். எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கும் ஏழுமலைக்கும் நடுவில். மானாவாரி பூமி. மழை பெய்தால் சோளமும் பருத்தியும், பெய்யாவிட்டால் அப்பாவின் மணியார்டர். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீட்டில் ஆள் பட்டாளத்தில் இருந்தார்கள்.

வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு என்பது கணக்கு. கணக்கில் இருக்கும் லீவு முழுசாகக் கைக்கு வந்த வருடங்கள் குறைவு. அந்தக் காலத்தில் பாண்டியனில் சென்னை, அங்கிருந்து டெல்லி, அப்புறம் ஜம்மு, அதற்கு மேல் கான்வாய் வண்டி. போக நாலைந்து நாள், வர நாலைந்து நாள். கருப்பு இரும்புப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்குவார். மூடியில் வெள்ளை பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். பெட்டியைத் திறந்தால் கேன்டீன் சோப்பு வாசமும் அக்ரூட் வாசமும் கலந்து வரும். எனக்கு அப்பா என்றால் முதலில் அந்த வாசம்தான்.

தம்பி 1993-இல் பிறந்தான். அவனை அப்பா முதன்முதலாகத் தூக்கியபோது அவனுக்கு ஏழு மாதம். நாலு வயதில் நடந்ததுதான் வீட்டில் எல்லோருக்கும் தைத்துவிட்டது. அப்பா லீவில் வந்து மூன்றாவது நாள். ஸ்டூல் போட்டு ஏறி டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தார். தம்பி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாமா எப்பம்மா அவங்க வீட்டுக்குப் போவாரு?" என்று கேட்டான். அப்பா திரும்பவில்லை. லைட்டை மாட்டி, ஸ்டார்ட்டரைத் திருகி, எரிகிறதா என்று பார்த்து, இறங்கி, ஸ்டூலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு ஓர் இன்லேண்ட் லெட்டர் எழுதினால், தம்பிக்குத் தனியாக இன்னொன்று. அதில் எழுத்து குறைவு, படம் அதிகம். மலை, கழுதை, பனி மூடிய கூடாரம். விலாசத்தில் தம்பியின் பெயர். தபால்காரர் அவன் பெயரைக் கூப்பிட்டுத்தான் கொடுப்பார். அம்மா அவர் பங்குக்கு, அப்பாவின் போட்டோவை ஆணியில் உயரத்தில் மாட்டியிருந்ததை எடுத்துப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறக்கி மாட்டினார். அடுத்த லீவில் பஸ் ஸ்டாப்புக்கு ஓடியது தம்பிதான். இன்றைக்கு வீடியோ கால் இருக்கிறது. ஆனாலும் சிக்னல் கிடைக்காத போஸ்ட்டில் மாதக்கணக்கில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் மருமகள்களுக்கும் தங்கச்சிகளுக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளையின் பெயருக்கே தனியாக ஏதாவது வரட்டும். போட்டோ பிள்ளை தொடும் உயரத்தில் இருக்கட்டும்.

1996-இல் ஒரு ராத்திரி தம்பிக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுவிட்டது. கண் மேலே சொருகிவிட்டது. வீட்டில் அம்மா, நான், கண் தெரியாத அப்பத்தா. தெருமுனை டீக்கடை மாமா சத்தம் கேட்டு ஓடிவந்தார். பால் வண்டியை மறித்து உசிலம்பட்டி ஆஸ்பத்திரி, அங்கே ஊசி போட்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்ததும் செக்கானூரணி வழியாக நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம், பெரியாஸ்பத்திரி. இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு கொடுத்தால் வாங்கிக்கொண்டு ஓடுவார், வாங்கி வருவார்.

அப்பாவுக்கு இந்தச் சேதி கடிதத்தில் போய்ச் சேரவே பல நாள் ஆனது. நான்கு மாதம் கழித்து லீவில் வந்தவர், பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் நேரே டீக்கடைக்குத்தான் போனார். மாமா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். "மொதல்ல போய்ப் பிள்ளையப் பாரு மாப்ளே" என்று விரட்டினார். அப்பா அசையவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் அப்பா ஒவ்வொரு முறை வரும்போதும் முதல் டீ அங்கேதான்.

ராணுவக் குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டால் எனக்கு அந்த மாமாதான் நினைவுக்கு வருகிறார். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். அம்மாவுக்கு நாலு பொன்னாடை வந்திருக்கிறது, நாலையும் மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருக்கிறார். அந்த மரியாதை அவருக்கு வேண்டும், தகும். ஆனால் அவரை அந்த வருடங்களில் தாங்கியது ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வரும் ஒரு வீடு. உங்கள் தெருவில் ஆள் எல்லையில் இருக்கும் வீடு ஒன்று இருந்தால், உங்கள் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். "எதுன்னாலும் கூப்பிடுத்தா" என்று வாயால் சொல்வதைவிட, "செவ்வாக்கிழமை நான் ரேஷனுக்குப் போறேன், உன் கார்டையும் குடு" என்பது உதவி. கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், பிள்ளைகளின் ஸ்கூல் மீட்டிங். இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டாலே போதும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. டிவியில் எல்லைச் செய்தி வரும்போது அந்த வீட்டுக்கு ஓடிப்போய், "உங்க வீட்டுக்காரர் அங்கதான இருக்காக?" என்று கேட்காதீர்கள். அவர்களுக்கும் உங்களுக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். லீவில் வந்தவரிடம் முதல் நாளே கேன்டீன் பாட்டில் கேட்டு நிற்காதீர்கள். முதல் ஒரு வாரம் அவர் பகலில் தூங்குவார், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தெருவில் நடப்பார். பட்டாசுச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடும். அந்த ஒரு வாரத்தை அவருடைய பெண்டாட்டி பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

இனி என் சடங்கு. 2001 டிசம்பர் 13-ஆம் தேதி பார்லிமென்ட் தாக்குதல். அதைத் தொடர்ந்து ஆபரேஷன் பராக்ரம் என்று மேற்கு எல்லை முழுக்கப் படைகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். லீவெல்லாம் ரத்து. போர் மூளவில்லை, அதனால் இன்று நிறையப் பேருக்கு அது நினைவில்கூட இல்லை. ஆனால் சுமார் பத்து மாதம் பாலைவனத்திலும் வயல்வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். கண்ணிவெடி புதைக்கும் வேலையிலேயே பலர் உயிரிழந்தார்கள். அப்பா ராஜஸ்தான் பக்கம் இருந்தார். பொங்கலுக்கு அவர் வருவார் என்று வைத்து, தை மாதம் எனக்குச் சடங்கு நடத்த நாள் குறித்திருந்தார்கள். மண்டபம் சொல்லியாகிவிட்டது, தாய்மாமன் சீருக்கு மாட்டுவண்டி ஏற்பாடாகிவிட்டது. அப்பா வரவில்லை. தள்ளிப்போடலாமா என்று அம்மா கடிதம் போட்டதற்கு, "நடத்துங்கள். நான் இல்லாமல் குறை ஒன்றும் வராது. மாமா இருக்கிறார்" என்று பதில் வந்தது.

சடங்கு முடிந்து பத்து நாள் கழித்து அப்பாவிடமிருந்து இன்னொரு கடிதம். போட்டோ அனுப்பச் சொல்வார் என்று நினைத்துப் பிரித்தேன். "மொய் நோட்டை அப்படியே பார்த்து எழுதி அனுப்பு கண்ணு. யார் யார் வந்தார்கள் என்று நான் இங்கே உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். ஊர், பெயர், தொகை. 51, 101, 21, ஒரு பித்தளைக் குடம், ஒரு மூட்டை நெல். பிரவுன் கவரில் போட்டு, கேர் ஆஃப் 56 ஏபிஓ, அதாவது பட்டாளத்துத் தபால் ஆபீஸ், என்று விலாசம் எழுதிப் போஸ்ட் பண்ணினேன். பட்டாளத்து விலாசத்தில் ஊர்ப்பெயரே இருக்காது. யூனிட் பெயரும் 56 ஏபிஓவும்தான். எங்கே இருக்கிறார் என்று தெரியாமலே எழுதுவோம், கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த நோட்டு திரும்பி வந்தது. பக்க ஓரத்தில் எல்லாம் பென்சிலில் குறிப்பு. "இவர் மகள் கல்யாணத்துக்கு நாம் செய்யவில்லை, இருந்தும் வந்திருக்கிறார்." "செல்லம்பட்டி சித்தப்பா பெயர் காணோமே, உடம்பு சரியில்லையா?" "இந்த 21 ரூபாய் பெரிய தொகை. அவரிடம் இருந்ததே அவ்வளவுதான் இருக்கும்." நோட்டின் நடுத்தையலில் கொஞ்சம் மணல் இருந்தது. நல்ல பொடி மணல், எங்கள் ஊர் ஓடை மணல் மாதிரி இல்லை. அம்மா அதைத் தட்டிவிடாமல் அப்படியே மூடி வைத்தார்.

2002 அக்டோபரில் படைகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு லீவு கிடைத்து வந்த அப்பா அந்த நோட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். மொய் செய்த வீடுகளில் முடிந்தவரை எல்லா வீட்டுக்கும் போனார். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "எம்மக சடங்குக்கு வந்தீகளாம்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தார். செல்லம்பட்டிச் சித்தப்பாவுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லாமல்தான் இருந்தது. அவரைப் பார்க்க மட்டும் இரண்டு முறை போனார்.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்து போஸ்ட் ஒன்றின் மேல் பனிச்சரிவு விழுந்து 19-ஆவது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டிப் பையன் ஒருவர், தேனி மாவட்டத்துக்காரர் ஒருவர். ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு எடுத்தபோது இங்கே ஊர் ஊராகச் சாமி கும்பிட்டார்கள். 11-ஆம் தேதி அவரும் போய்விட்டார். உடல்கள் ஊர் வந்து சேரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பட்டாலியன் வேறு, ஒருவரையும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவருடைய ரெஜிமென்ட் பிள்ளைகள். அம்மா டிவியை அணைத்துவிட்டு, "அந்தத் தாய் இந்த ராத்திரிய எப்படித் தள்ளுறாளோ" என்று மட்டும் சொன்னார்.

2022 ஆகஸ்ட் 11-இல் ரஜோரியில் முகாம் மேல் தாக்குதல் நடந்தபோது மதுரை மாவட்டத்துப் புதுப்பட்டிப் பையன் ஒருவர் உயிரைக் கொடுத்தார். ஊரெல்லாம் சுதந்திர தினத்துக்குக் கொடி வாங்கிக்கொண்டிருந்த வாரம் அது. அப்போது அப்பா இல்லை. அம்மா மட்டும் வாசலில் விளக்கேற்றி வைத்தார்.

ஓய்வு பெற்றபோது அப்பாவுக்கு 43 வயது. அதற்கு மேல்தான் பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும். மதுரையில் ஒரு ஏடிஎம்மில் செக்யூரிட்டி வேலை, 12 மணி நேரம். மெட்ரிக் முடித்து 15 வருடச் சேவை இருந்தால் மத்திய அரசின் குரூப் சி வேலைகள் பலவற்றுக்கு அதைப் பட்டப்படிப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் விதி இருக்கிறது. அந்தச் சான்றிதழை வாங்கியும் அவர் பயன்படுத்தவே இல்லை. விவரம் சொல்ல ஆள் இல்லை. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போதே அதற்கான பயிற்சி வகுப்புகளைக் கேட்டு வாங்குங்கள். ஊர் வந்த வாரமே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்குங்கள். ஈசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டையில் மனைவி பெயரைச் சேர்த்தாயிற்றா என்று பாருங்கள். டிசம்பர் 7 கொடி நாளன்று வசூலாகும் பணம் விதவையர், காயம்பட்டவர்கள், பிள்ளைகளின் படிப்பு என்று இந்தக் குடும்பங்களுக்குத்தான் போகிறது. கொடி வாங்கும்போது அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

2017 ஐப்பசியில் அப்பா நெஞ்சுவலியில் இறந்தார். அழுது முடிக்கும் முன்னே பேப்பர் வேலை தொடங்கிவிட்டது. அப்பாவின் பென்ஷன் ஆர்டரில், அதாவது பிபிஓவில், அம்மாவின் பெயர் இருந்தது. ஆனால் வீட்டில் கூப்பிடும் பெயர். 1987-இல் கல்யாணமானதும் அப்பா போய்ச் சொல்ல, தமிழ் தெரியாத ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டது. ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். பேங்கில் இது வேறு ஆள் என்றார்கள். விஏஓ சான்று, தாசில்தார் ஆபீஸ் வாரிசுச் சான்று, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி அஃபிடவிட், அப்புறம் வெலிங்டனுக்கு மனு, திருத்திய பிபிஓ. பதினொரு மாதம் அம்மாவுக்கு ஒரு பைசா வரவில்லை. யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அப்பா உயிரோடு இருந்த பத்து வருடத்தில் ஒருநாள் அந்தத் தாளை எடுத்துப் படித்திருந்தால், ஒரு மனுவில் முடிந்திருக்கும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஒரு தாளில் பேச்சி, இன்னொன்றில் பேச்சியம்மாள், மூன்றாவதில் இனிஷியல் பின்னால். இங்கிலீஷில் ஒரு எழுத்து கூடினாலும் கம்ப்யூட்டர் ஏற்காது. ஆகவே சேவையில் இருக்கும் தம்பிகளுக்கு: கல்யாணம், ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு, எல்லாவற்றுக்கும் பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரத்தைச் சேவைப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவு, போட்டாயிற்றா, அதில் எழுத்துக்கு எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். குரூப் இன்சூரன்ஸ் நாமினி இன்னும் அம்மா பெயரிலேயே இருந்தால், கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மனைவியோடு ஜாயின்ட் அக்கவுன்ட் வையுங்கள். இதைப் பேசுவது அபசகுனம் என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். எங்கள் அப்பத்தாவும் தடுத்தார்.

இன்னொன்று. கணவர் இறந்து குடும்ப பென்ஷன் வாங்கும் அம்மாக்கள் சில பேர் ஏழு வருடம் கழித்துத் திடீரென்று பணம் குறைந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வருவார்கள். ஓய்வுக்குப் பின் இறந்தவர்களின் குடும்பத்துக்கு முதல் ஏழு வருடமோ, அவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள் வரையோ, எது முந்துகிறதோ அதுவரைதான் கூடுதல் விகிதம். அதற்குப் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்ற சாதாரண விகிதம். அம்மாவுக்கு 2024-இல் குறைந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்ததால் சீட்டு எதுவும் போடாமல் இருந்தார். பணம் மொத்தமாக நின்றுபோனால் அது வேறு கதை. அப்போது லைஃப் சர்டிபிகேட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று குறைதீர் கூட்டம் நடக்கும். அங்கே போகும்போது மனுவோடு எல்லாத் தாளிலும் ஒரு நகல் கொண்டுபோங்கள்.

பதினொரு மாதம் முடிந்து முதல் பென்ஷன் வந்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னார். அப்பாவின் ஆர்மி நம்பர், ரேங்க், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி. ரெக்கார்ட் ஆபீஸ் விலாசம். பிபிஓ நம்பர். பேங்க் கணக்கு. மருத்துவ அட்டை நம்பர். டிஸ்சார்ஜ் புக் எந்தப் பையில் இருக்கிறது. எங்கள் எல்லோருடைய பெயரும், ரெக்கார்டில் இருக்கும் அதே எழுத்தில். சோற்றுப் பசை தடவி அதை இரும்புப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினார். வெளியே வெள்ளை பெயிண்டில் அப்பாவின் பெயர், உள்ளே அந்தத் தாள். மொய் நோட்டும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

கடை ஆரம்பித்த பிறகு அந்தத் தாளையே கட்டம் போட்டு டைப் செய்து வைத்திருக்கிறேன். மிலிட்டரி வீட்டு ஆள் யார் வந்தாலும் ஒன்று கொடுப்பேன். போன மாதம் ஏழுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். வீட்டுக்காரர் நாயக், லீவு முடிந்து சம்பர்க் கிராந்தியில் டெல்லி போய் அங்கிருந்து யூனிட்டுக்குப் போயிருக்கிறார். குழந்தைக்கு ஆதார் எடுக்க வந்தவள். தாளைக் கொடுத்ததும், "இதுல பாதி எனக்குத் தெரியாதேக்கா" என்றாள். தெரியாத கட்டத்தை அப்படியே விடு, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பு என்றேன். அம்மா அன்றைக்குக் கடையில்தான் இருந்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அவளிடமிருந்து போன். "அக்கா, அவுக பாத்துட்டாக. பார்ட் டூ ஆர்டர்ல பாப்பா பேருல ஒரு எழுத்து கொறையுதாம். திங்கக்கெழம கிளார்க்கிட்ட போறேன்னு சொன்னாக."

அம்மாவிடம் சொன்னேன். "பாப்பாவுக்குச் சளி விட்டுருச்சான்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. திரும்பப் போன் போட்டேன்.